வெளிநாடு புறப்படுமுன் கடலோரத்தில் வீடு: வாசகர் கேள்விகள்

கேள்வி: நான் செவிலியர். அயர்லாந்தில் வேலை கிடைத்து, இன்னும் மூன்று மாதத்தில் கணவர், பிள்ளைகளுடன் புறப்படுகிறேன். ராஜாக்கமங்கலம் துறை பக்கம் 18 சென்ட் தென்னந்தோப்பும் அதில் ஒரு பழைய கான்கிரீட் வீடும் விலைக்கு வந்திருக்கின்றன. கடலுக்கு நடந்தே போய்விடலாம். இப்போதைக்கு மாமியார் அங்கே இருப்பார். பின்னால் இடித்துவிட்டு மாடி வீடு கட்ட எண்ணம். உரிமையாளர் துபாயில் இருப்பதால் அவருடைய தம்பி பவர் பத்திரம் வைத்து விற்கிறார். விமானம் ஏறுமுன் பதிவை முடித்துவிடும்படி தரகர் வற்புறுத்துகிறார். முடித்துவிடலாமா?
வாசகி, நாகர்கோவில்

பதில்: தரகர் சொல்வதைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, முதலில் அந்த நிலத்தின் பட்டாவையும், நிலத்தின் வகையைக் காட்டும் கிராமக் கணக்கான ‘அ’ பதிவேட்டுப் பிரதியையும் எடுத்துப் பாருங்கள். உங்களுக்கு உண்மையிலேயே கெடு இருக்கிறதா என்பதை அந்த இரண்டு தாள்கள்தான் சொல்லும். 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, வெளிநாடு வாழ் இந்தியர் வீடும் வணிகக் கட்டடமும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. வேலைக்காகப் புறப்பட்டுவிட்டால் இந்தச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவராகிவிடுவீர்கள்; வருமான வரிக்கு 182 நாள் கணக்கு இருக்கிறதே என்று இதில் காத்திருக்க இயலாது. ஆகவே, நிலம் நத்தமாகவோ (ஊர்க் குடியிருப்பு நிலம்) முறைப்படி அங்கீகாரம் பெற்ற மனையாகவோ இருந்தால், அயர்லாந்து போன பிறகும் நிதானமாக வாங்கிக்கொள்ளலாம். புன்செய் என்று பதிவாகியிருந்தால், நடுவில் வீடு நின்றாலும் அதை விவசாய நிலமாகக் கருத இடமுண்டு. அப்போதுதான் பயணத்துக்கு முன் பதிவு என்பது பொருள்படும். இங்கே இருக்கும்போது வாங்கிய விவசாய நிலத்தை வெளிநாடு சென்ற பின்னும் வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் பின்னாளில் அதை இந்தியாவில் வசிக்கும் ஒருவருக்கு மட்டுமே விற்க முடியும். உங்கள் பணத்தைப் போட்டு உங்கள் அண்ணன் பெயரில் தனியாக வாங்கிவைக்கும் யோசனையை யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அது பினாமிச் சட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

அடுத்தது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் மாடி வீட்டு எண்ணம். எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். கடலின் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறது. 2011-ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி, ஊரகக் கடற்கரையில் முதல் 200 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்ப முடியாது. அனுமதியோடு கட்டப்பட்ட பழைய வீட்டை, இப்போதுள்ள பரப்பை மீறாமல் பழுதுபார்க்கலாம் அல்லது திரும்பக் கட்டலாம், அவ்வளவுதான். 2019-ஆம் ஆண்டு அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்களில் இதை 50 மீட்டராகக் குறைக்க வழிசெய்தது. எனினும் அதன்படி தயாரித்த வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகே அந்தச் சலுகை பொருந்தும். எனவே, உங்கள் சர்வே எண் எந்தக் கோட்டுக்குள் விழுகிறது என்பதை ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடற்கரை மண்டல மேலாண்மைக் குழுவிடம் எழுத்துமூலம் கேட்டு, பதிலைக் கையில் வாங்குங்கள். ‘பக்கத்து வீட்டார் மாடி கட்டவில்லையா’ என்பது பதிலாகாது. பழைய வீட்டுக்கு ஊராட்சி அளித்த கட்டட அனுமதியையும் கேளுங்கள். அது இல்லையென்றால் பழுதுபார்க்கும் உரிமையே கேள்விக்குள்ளாகும்.

விற்பவர் துபாயில் இருப்பதால் இன்னொரு பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது. உள்ளூர்வாசியிடம் வாங்கினால், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் மட்டும் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டினால் போதும். விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் அந்த 50 லட்ச வரம்பே கிடையாது. இரண்டு ஆண்டுக்கு மேல் அவர் வைத்திருந்த சொத்துக்கு 12.5 சதவீதமும், அதன்மேல் கூடுதல் வரிகளும் சேர்த்து, வாங்குபவரான நீங்கள்தான் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அவருடைய ஆதாயம் குறைவு என்றால், குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வருமான வரித்துறையிடம் அவரே வாங்கித் தரட்டும். பிடிக்காமல் முழுப் பணத்தையும் தம்பியின் கையில் கொடுத்துவிட்டால், வரித்துறை தேடி வருவது உங்களைத்தான். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கும் நிலையிலும் இந்த விதியைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

தம்பியின் பவர் பத்திரத்தில் இதே சர்வே எண்ணும் விற்கும் அதிகாரமும் எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். பதிவின்போது துபாயிலுள்ள உரிமையாளரின் உயிர்வாழ் சான்றும் தேவைப்படும். நீங்களே ஒருமுறை அவருடன் காணொளியில் பேசிவிடுவது நல்லது.

மூலப்பத்திரத்தைப் பொறுத்தவரை நம் மாவட்டத்துக்கென்று ஒரு சிரமம் உண்டு. 1956 நவம்பர் 1-க்கு முன் இது திருவிதாங்கூர்ப் பகுதி என்பதால், பழைய ஆவணங்கள் மலையாளத்திலும் கொல்லம் ஆண்டு எனப்படும் மலையாள ஆண்டுக் கணக்கிலும் இருக்கும். அவற்றைச் சரளமாகப் படிக்கத் தெரிந்த வழக்கறிஞரை நாகர்கோவிலிலோ தக்கலையிலோ தேடிப் பிடியுங்கள். சுருக்கம் சொல்லக் கேட்டு நிறுத்திவிடாமல், பாகப்பிரிவினையில் பெண்மக்களின் பங்கு எப்படித் தீர்க்கப்பட்டது என்ற இடத்தை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள்.

வீட்டை நேரில் பார்க்கும்போது வெள்ளையடித்த சுவரில் மயங்க வேண்டாம். சமையலறை, குளியலறைக் கூரைகளின் அடிப்பூச்சை ஒரு கம்பால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தாலோ கம்பி ஓடும் வரிசையில் பழுப்புக் கோடு தெரிந்தாலோ, உப்புக்காற்றில் உள்கம்பி துருவேறிவிட்டது என்று பொருள். ஜன்னல் கம்பியின் அடிப்பகுதியையும் சன்ஷேடின் கீழ்ப்புறத்தையும் அவ்வாறே பாருங்கள். கிணற்று நீரை மழைக்குப் பின் குடித்துப் பார்த்தால் உண்மை தெரியாது. கோடையின் கடைசியில் அது உவர்க்குமா என்று அக்கம்பக்கத்துப் பெண்களைக் கேளுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எதுவரை ஏறியது, 2017 ஒக்கிப் புயலில் என்ன ஆனது, ஆனி ஆடியில் கடல் சீறும்போது தெருவுக்குள் தண்ணீர் வருமா என்பதையும் அவர்களே சரியாகச் சொல்வார்கள். தனியாக இருக்கப்போகும் மாமியாருக்காக இதை அவசியம் விசாரியுங்கள்.

இவையெல்லாம் மூன்று மாதத்துக்குள் முடியவில்லை என்றால், முன்பணம் கொடுக்காமல் புறப்பட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. நத்தம் பட்டாவுள்ள வேறொரு வீட்டை அங்கிருந்தே வாங்க உங்களுக்குத் தடையில்லை.

கேள்வி: நான் ஏற்கெனவே குவைத்தில் இருக்கிறேன். முட்டம் அருகில் ஒரு வீட்டை அப்பா என் பெயரில் பதிவு செய்ய முடியுமா?
வாசகர், திங்கள்நகர்

பதில்: முடியும். அப்பாவுக்கு இந்த ஒரு வீட்டை வாங்குவதற்கு மட்டுமான சிறப்பு அதிகாரப் பத்திரம் எழுதி, குவைத்திலுள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்புங்கள். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே உரிய முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். பணம் வங்கி வழியாகவோ உங்கள் வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கிலிருந்தோ நேரே விற்பவரின் கணக்குக்குப் போகட்டும். ஊருக்கு வரும் நண்பரிடம் ரொக்கமாகக் கொடுத்தனுப்பக் கூடாது. முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆகும் என்பதால், விலையைப் பேசும்போதே அந்த 9 சதவீதத்தைத் தனியே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.