மணல் பகிக்கு எந்த அக்சில்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: குழாய்ச் சட்டத்தில் ஃபோர் வீல் பகி (மணலில் ஓடும் இலேசான திறந்த வண்டி) ஒன்று கட்டுகிறேன். 1300 சிசி பெற்றோல் எஞ்சின், கியர்பொக்ஸ், ட்ரான்ஸ்பர் பொக்ஸ் (இழுவையை முன், பின் அக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) மூன்றும் ஒரே சுசூகி எஸ்.ஜே.413 இல் இருந்து எடுத்தவை. ரயர் 29 அங்குலம். மொத்தப் பாரம் 850 கிலோவுக்குள் நிற்கும். டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் அக்சில் போட்டால்தான் முறியாது என்கிறார்கள். போடலாமா? (உவர்மலை வாசகர்)

பதில்: வேண்டாம். எஸ்.ஜே.413 இன் அக்சில்களையே போடுங்கள். 900 கிலோவுக்கு மேற்பட்ட ஜீப்பைச் சுமந்த அக்சில் அது. உங்கள் பகி அதைவிட இலேசு. ஹைலக்ஸின் 8 அங்குலக் கிரவுன் வீலும் (அக்சிலின் நடுவில் உள்ள பெரிய பல்சக்கரம்) 30 பல் ஷாஃப்டும் பலமானவைதான். ஆனால் அந்தப் பாரம் முழுவதும் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும். இலேசான வண்டிக்குக் கீழே பாரமான அக்சில் துள்ளினால் ஸ்பிரிங்கும் ஷொக்கும் அதை அடக்கமாட்டா. ரயர் மணலைப் பிடிக்காமல் குதிக்கும். 33 அங்குலத்துக்கு மேல் ரயர், பாரமான டீசல் எஞ்சின் என்று போனால்தான் ஹைலக்ஸ் தேவைப்படும். அப்போதும் ஹைலக்ஸில் எல்.என்.106 மாதிரி போல முன்பக்கமும் ஒரே குழாயாக உள்ள அக்சிலையே தேடுங்கள்.

அக்சிலின் பலத்தைவிட உங்களுக்கு முக்கியம் கிரவுன், பினியன் (கிரவுனைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம்) விகிதம். எஸ்.ஜே.413 இல் அது 3.73 (41 பல்லுக்கு 11). அந்த ஜீப்பின் 205/70ஆர்15 ரயரின் உயரம் ஏறக்குறைய 668 மி.மீ.; உங்களுடையது 737. அதாவது பத்து வீதம் உயரம். அப்படியே ஓட்டினால் விகிதம் 3.38 ஆனதுபோல் வண்டி சோர்ந்துவிடும், மணலில் கிளட்ச் எரியும். பழைய எஸ்.ஜே.410 இன் 4.11 (37 பல்லுக்கு 9) டிஃப்பை, அதாவது கிரவுனும் பினியனும் உள்ள டிஃபரென்ஷியலை, மாற்றிப் போட்டால் கணக்கு மறுபடி 3.73 க்கே வந்து நிற்கிறது. 29 அங்குல ரயருக்கு இதைவிடப் பொருத்தமான மாற்றம் இல்லை.

முன்னும் பின்னும் ஒரே விகிதமாக இருக்கவேண்டும். ஒன்று 3.73, மற்றது 4.11 என்றால் ஃபோர் வீலில் போட்ட உடனே ட்ரான்ஸ்பர் பொக்ஸ் இறுகும், ஏதாவது ஒரு பக்கம் உடையும். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது விற்பவரின் சொல்லை மட்டும் நம்பவேண்டாம். ஒரு ஹப்பை அசையாமல் பிடித்து, மற்றதைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பினியன் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுதான் விகிதம். நாலுக்குச் சற்று மேலே என்றால் 4.11, மூன்றே முக்காலுக்குக் கிட்ட என்றால் 3.73. ஷாஃப்டின் பல்லையும் எண்ணுங்கள். எஸ்.ஜே.413 ஷாஃப்டில் டிஃப் பக்கம் 26 பல். வாங்கும் டிஃப்பின் உள்பல் அதற்குப் பொருந்தாவிட்டால் மலிவு என்று எடுக்காதீர்கள்.

வடிகால் நட்டைக் கழற்றிப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பசை இருப்பது வழமை. விரலில் குத்தும் துண்டு இருந்தால் பல் உடைந்திருக்கிறது. கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையிலான ஆட்டம் 0.10 முதல் 0.15 மி.மீ. வரை இருக்கவேண்டும்.

அகலம் போதாது என்று தோன்றினால் (413 இன் முன் சக்கர இடைவெளி 1300 மி.மீ. அளவுதான்) வெளித்தள்ளிய றிம் போடலாம். பக்கத்துக்கு 30 மி.மீ.க்கு மேல் வேண்டாம், ஹப் பெயாரிங் சீக்கிரம் போய்விடும்.

கேள்வி: நிலாவெளிக் கரையில் ஓடிவந்த பிறகு டிஃப் ஒயில் பால் நிறமாகிவிட்டது. முன் சக்கர உருண்டைக்குள் (திரும்பும் ஜொயின்ற் இருக்கும் கூடு) கிறீஸும் கூழாகிவிட்டது. சீல் மாற்றியும் திரும்ப வருகிறது. (கிண்ணியா வாசகர்)

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. ஓடிச் சூடான அக்சில் திடீரெனத் தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கும். பிறீதர் (அக்சிலின் காற்றுத் துளை) அடைபட்டிருந்தாலோ தண்ணீருக்குள் மூழ்கியிருந்தாலோ அந்த இழுப்புச் சீலின் உதட்டைத் தாண்டிக் கடல்நீரை உள்ளே கொண்டுவரும். புதுச் சீல் போட்டும் நிற்காததற்கு இதுதான் காரணம். பிறீதரைக் கழற்றி, ஒயில் தாங்கும் குழாய் ஒன்றை மாட்டி, எஞ்சின் மட்டத்துக்கு மேலே கொண்டுபோய் முனையைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டுங்கள். அக்சில் ஆடும் அளவுக்குக் குழாய் தளர்வாக இருக்கட்டும்.

உருண்டைக்குள் கூழானது, டிஃப் ஒயில் உட்சீலைத் தாண்டி வந்து கிறீஸுடன் கலந்ததால். சீலை மட்டும் மாற்றாமல், அது உட்காரும் இடத்தில் ஷாஃப்டில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பள்ளம் இருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுகும். உருண்டையின் வெளிப்பரப்பில் உப்புத் துரு குழி போட்டிருந்தால் வெளிச் சீலும் கிழியும். நனைத்த மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துக் கிறீஸ் பூசி வையுங்கள். உள்ளே மொலிப்டினம் கலந்த கிறீஸ், டிஃப்புக்கு ஜி.எல்.5 வகை 80டபிள்யூ-90 ஒயில். பால் நிறம் கண்டால் அன்றே வடித்துவிடுங்கள். உப்புநீர் ஒரு வாரம் நின்றாலே பெயாரிங்கில் புள்ளி விழுந்துவிடும்.

கேள்வி: லொக்கர் (இரு பக்கச் சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் கருவி) வாங்க வசதியில்லை. டிஃப்பின் உள் கியர்களை வெல்ட் பண்ணலாமா? (மூதூர் வாசகர்)

பதில்: முன்னுக்குக் கூடவே கூடாது, ஸ்டியரிங் திரும்பாது. பின்னுக்குச் செய்தால், இறுகிய தரையில் திரும்பும்போதெல்லாம் ஷாஃப்ட் முறுகும். அது செமி ஃபுளோட்டிங் அக்சில் (சக்கரம் ஷாஃப்டிலேயே பூட்டியது); ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமும் கழன்று போகலாம். மணலுக்காகத்தான் என்றால் முதலில் காற்றை 15 இறாத்தலுக்கு இறக்கிப் பாருங்கள்.

புதைந்தால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்து அக்சிலேற்றரை அமத்தாதீர்கள், றிவேர்ஸில் இன்னும் மோசம். முன் சக்கர ஜொயின்றுக்குள் இருக்கும் சிறு குண்டுகளில் ஒன்றிரண்டின் மேல் முழுப் பாரமும் விழுந்து அதன் கிண்ணம் வெடிக்கும். சக்கரத்தை நேராக்கிவிட்டுத்தான் எடுக்கவேண்டும்.

கேள்வி: அக்சில் குழாயில் லிங்க் பிறக்கற் (அக்சிலைச் சட்டத்தோடு இணைக்கும் கம்பியின் பிடி) ஒட்டியபின் ஷாஃப்ட் இறுக்கமாகச் சுழல்கிறது. (உப்புவெளி வாசகர்)

பதில்: ஒரே பக்கமாக நீளமாக வெல்ட் ஓட்டியதில் குழாய் வளைந்திருக்கிறது. 30 மி.மீ. ஒட்டி, குழாயின் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு 30, கை வைக்கும் சூடாக ஆறியபின் அடுத்தது என்று செய்யவேண்டும். தண்ணீர் ஊற்றி ஆற்றவேண்டாம். ஷாஃப்ட், சீல், பெயாரிங் எல்லாவற்றையும் முதலில் கழற்றி, எர்த் கிளாம்பை வெல்ட் இடத்துக்குப் பக்கத்திலேயே பூட்டுங்கள். மின்சாரம் பெயாரிங் வழியாகப் போனால் அதில் எரிந்த புள்ளி விழும். இப்போது வளைந்ததை லேத்தில் நேர்கம்பி ஒன்று விட்டு அளந்து, வளைவின் வெளிப்பக்கத்தில் சிறு சூடு கொடுத்து நிமிர்த்தலாம்.