மசாஜும் கைரோபிராக்டிக்கும் ஒரே நாளில் செய்துகொள்ளலாமா?

கேள்வி: நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலை. பல மாதங்களாக இடுப்பு வலி. முதுகெலும்பைக் கையால் தள்ளியும் திருப்பியும் சிகிச்சை தரும் கைரோபிராக்டரிடம் போய் வருகிறேன். போன அன்று உடம்பு லேசாக இருக்கிறது, இரண்டு மூன்று நாளில் பழையபடி இறுகிக்கொள்கிறது. கூடவே மசாஜும் எடுத்தால் பலன் நிற்கும் என்கிறார்கள். சேர்த்துச் செய்யலாமா? எதை முதலில் செய்வது?

பதில்: சேர்த்துச் செய்யலாம். பெரும்பாலானவர்களுக்கு மசாஜ் முதலில், கைரோபிராக்டிக் பிறகு என்ற வரிசைதான் ஒத்துப்போகும். வலிக்கிற மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் அதை அசைய விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை ஓடுகிற நீளத் தசைகளில் இது நன்றாகவே தெரியும், கட்டைவிரலை வைத்து அழுத்தினால் கெட்டியாக எதிர்த்து நிற்கும். அந்த நிலையில் உங்களை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் காலை மடக்கி, தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இடுப்பில் சட்டென்று ஒரு தள்ளு தள்ளும்போது, நீங்களே அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பீர்கள். அதற்கு முன்பே பத்து பதினைந்து நிமிடம் தசையைத் தளர்த்தி விட்டால் குறைந்த விசையே போதும், உங்களுக்கும் பயம் குறையும்.

ஆனால் நான் சொல்வது அந்தப் பத்து பதினைந்து நிமிட மசாஜ். ஒரு மணி நேரம் முழங்கையை ஊன்றி ஆழமாக அழுத்தும் மசாஜை முடித்துவிட்டு அதே நாளில் முதுகைத் திருப்பிக்கொள்ளப் போகாதீர்கள். இரண்டுமே ஓரிரு நாள் உடம்பு வலியைத் தரக்கூடியவை, இரண்டும் சேர்ந்தால் எதனால் வலிக்கிறது என்றே தெரியாது. அப்புறம், இப்போதுதான் முதன்முதலாக மசாஜ் எடுக்கப்போகிறீர்கள் என்றால், ஓரிரு வாரம் மசாஜ் மட்டும் எடுத்துப் பாருங்கள். எது வேலை செய்கிறது என்று உங்களுக்கே தெரிய வேண்டாமா? இரண்டு பேரும் வேறு வேறு இடத்தில் இருந்தால், ஒருவர் என்ன செய்தார் என்பதை மற்றவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சரி, மூன்றாம் நாள் இறுகிக்கொள்வதற்கு வருகிறேன். இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். தள்ளுவதும் சரி, பிசைவதும் சரி, வலியைக் கொஞ்ச நேரத்துக்கோ கொஞ்ச நாளுக்கோ குறைக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்பே சூடு, மசாஜ், அக்குபங்சர், முதுகெலும்புக் கைச்சிகிச்சை இவற்றை முயன்று பார்க்கலாம் என்கிறது. கூடவே, அப்படிப்பட்ட வலி எந்தச் சிகிச்சை எடுத்தாலும் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் என்றும் சொல்கிறது. உங்களுடையது புதிய வலி இல்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016-ல் இன்னும் கறாராகவே சொல்லிவிட்டது: மசாஜோ முதுகைத் திருப்பும் சிகிச்சையோ, உடற்பயிற்சியோடு சேர்ந்த சிகிச்சையின் ஒரு பகுதியாக மட்டுமே தரப்பட வேண்டும், தனியாக அல்ல.

அதனால் வலி குறைந்திருக்கிற அந்த இரண்டு நாளை வீணாக்காதீர்கள். அன்றைக்கே நடங்கள். உட்கார்ந்து எழுவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, கைகால்களை ஊன்றிக்கொண்டு ஒரு கையையும் எதிர்க் காலையும் நீட்டுவது, இவற்றில் எது வலியில்லாமல் முடிகிறதோ அதைச் செய்து மெல்ல மெல்லக் கூட்டுங்கள். நாற்காலியிலிருந்து அடிக்கடி எழுந்திருங்கள். இதைச் செய்யாமல் மசாஜையும் சேர்த்தால் இறுகுவது மூன்றாம் நாளுக்குப் பதில் நான்காம் நாளாகலாம், அதற்கு மேல் நான் எதையும் எதிர்பார்க்க மாட்டேன்.

கேள்வி: ‘டக்’ என்று சத்தம் வந்தால்தான் விலகிய எலும்பு இடத்தில் உட்கார்ந்ததாக அர்த்தம் என்கிறாரே எங்கள் கைரோபிராக்டர்?

பதில்: இல்லை. விரலில் நெட்டி முறித்தால் வருகிற அதே சத்தம்தான் அது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில், இரண்டு பரப்புகளும் சட்டென்று விலகும்போது அழுத்தம் குறைந்து ஒரு வாயுக் குழி உண்டாகிறது. கனடாவின் அல்பெர்டா பல்கலைக்கழகத்தினர் 2015-ல் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து இழுத்து, அந்தக் குழி உருவாவதைப் படமாகவே காட்டினார்கள். ஒருமுறை சத்தம் வந்த மூட்டில் சுமார் இருபது நிமிடத்துக்கு மறுபடி வராது. சத்தமே வராமல் வலி குறைந்தவர்களும் உண்டு, சத்தம் வந்தும் குறையாதவர்களும் உண்டு.

எலும்பு விலகல் என்ற பேச்சு 1895-லிருந்து வருகிறது. அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் டி.டி. பால்மர் இந்த முறையைத் தொடங்கியபோது, பெரும்பாலான நோய்களுக்கே விலகிய முதுகெலும்புதான் காரணம் என்று நம்பினார். ஆனால் கைரோபிராக்டர்களை ஒழுங்குபடுத்தும் பிரிட்டனின் பொதுக் கைரோபிராக்டிக் கவுன்சிலே 2010-ல், அது வரலாற்றுக் கருத்து மட்டும்தான், நோய்க்கு அதுவே காரணம் என்பதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை என்று அறிவித்துவிட்டது. முதுகு வலிக்குக் கைச்சிகிச்சை உதவலாம் என்பது வேறு விஷயம். ஆஸ்துமாவையும் சர்க்கரையையும் முதுகைத் தட்டிச் சரிசெய்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது. கழுத்து வலி. எலும்புத் தேய்மானத்துக்கும் ரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு சிகிச்சையும் ஏற்பாடு செய்ய நினைக்கிறேன்.

பதில்: தயவுசெய்து கழுத்தைத் திருப்பி முறிக்க விடாதீர்கள். அந்த மாத்திரை எலும்பு அடர்த்தி குறைவுக்காக என்றால் எலும்பு உடையும் ஆபத்து இருக்கிறது, ரத்தத்தை மெலிதாக்கும் மருந்தால் உள்ளே கசியும் ஆபத்து இருக்கிறது. இவை இரண்டும் இல்லாத ஆளுக்கும், கழுத்து எலும்புக்குள் ஓடும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அரிதாக நடந்திருக்கிறது. கழுத்துச் சிகிச்சைக்குப் பிறகு யாருக்காவது இதுவரை இல்லாத கடுமையான தலைவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், முகம் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம் இதில் ஒன்று வந்தாலும் தூங்கி எழுந்தால் சரியாகும் என்று காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

மென்மையான மசாஜை, டாக்டரிடம் கேட்டுவிட்டு, தோளிலும் மேல் முதுகிலும் கொடுக்கலாம். கழுத்தின் முன்பக்கத்தை யாரும் அழுத்தக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, கெண்டைக்காலில் வலி இருந்தால் அதை நீவி விடாதீர்கள், ரத்தக்கட்டியாக இருக்கலாம், முதலில் டாக்டர் பார்க்கட்டும்.

கேள்வி: மாதக்கணக்கில் வரச்சொல்லி முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். நான்கைந்து முறை போய்ப் பாருங்கள். குனிந்து செருப்பு போடுவது, படுக்கையில் புரண்டு படுப்பது போன்ற ஒன்றாவது சுலபமாகியிருக்கிறதா? இல்லையென்றால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அந்தரங்கப் பகுதி மரத்துப்போவது, சிறுநீர், மலம் கட்டுக்கடங்காமல் போவது, கால் வலுவிழப்பது, இதில் எது வந்தாலும் ஐந்தாவது முறைவரைகூடக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.