வேல்ஸ் குடும்பங்களைத் தேடுவோருக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வேல்ஸ் நாட்டுப் பிரமுகர்களைப் பற்றி ஒரு கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே குடும்பத்தில் அப்பாவுக்கு ஒரு பெயர், மகனுக்கு வேறு பெயர், பேரனுக்கு இன்னொரு பெயர். இது அச்சுப்பிழையா?

பதில்: பிழை இல்லை. 16-ஆம் நூற்றாண்டு வரை வேல்ஸில் நிலையான குடும்பப்பெயர் என்பது அநேகமாகக் கிடையாது. அப்பா பெயரே பிள்ளைக்கு அடையாளம். நம் இனிஷியல் போலத் தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். மகன் என்றால் நடுவில் 'ஆப்', மகள் என்றால் 'வெர்க்' என்று சேர்ப்பார்கள்.

வட வேல்ஸில் குவிதிர் மாளிகைக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வந்து குடியேறியவர் மரெதித் ஆப் இயவான் ஆப் ராபர்ட், இறந்தது 1525. மகன் ஜான் வின் ஆப் மரெதித். பேரன் வெறும் மாரிஸ் வின். கொள்ளுப்பேரன் சர் ஜான் வின் (1553–1627). 1611-இல் பாரோனெட் பட்டம் பெற்று, தன் குடும்ப வரலாற்றைத் தானே எழுதிவைத்தவர். 'வின்' என்பது நிறத்தை வைத்து வந்த பட்டப்பெயர்தான். நான்கு தலைமுறைக்குள் அது குடும்பப்பெயராகிவிட்டது.

பெயர் நிலைத்த விதம் எல்லாக் குடும்பத்திலும் ஒன்றல்ல. சில இடங்களில் 'ஆப்' அடுத்த பெயரோடு ஒட்டிக்கொண்டது: ஆப் ரீஸ் பிரைஸ் ஆனார், ஆப் ஹவெல் பவெல் ஆனார், ஆப் ஹியூ பியூ ஆனார், ஆப் ஓவைன் போவன் ஆனார். வேறு இடங்களில் ஆங்கில முறைப்படி கடைசியில் 'ஸ்' சேர்ந்து ஜோன்ஸ், வில்லியம்ஸ், டேவிஸ், எவன்ஸ் வந்தன. வீட்டின் பெயரையே எடுத்துக்கொண்டவர்கள் மாஸ்டின் குடும்பத்தார். முற்றிலும் புதிய பெயரைச் சூடியவர்களும் உண்டு. ராக்லன் கோட்டையின் சர் வில்லியம் ஆப் தாமஸின் மகன், வில்லியம் ஹெர்பர்ட் என்ற பெயரில்தான் 1468-இல் பெம்புரோக் பிரபு ஆனார்.

இங்கிலாந்தை ஆண்ட டியூடர் வம்சமும் இந்த வழக்கத்தில் விளைந்ததே. அவர்கள் மூதாதை ஆங்கில்சி தீவின் பென்மனித் வீட்டைச் சேர்ந்த ஓவைன் ஆப் மரெதித் ஆப் டிடிர். ஒட்டிக்கொண்டது தாத்தாவின் பெயர். அப்பா பெயர் ஒட்டியிருந்தால் எட்டாம் ஹென்றியை நாம் மெரெடித் வம்சத்து அரசர் என்றுதான் படித்திருப்போம்.

கேள்வி: அப்படியானால் எதைப் பிடித்துக்கொண்டு தேடுவது?

பதில்: ஊரையும் வீட்டையும். இந்த ஒரு பழக்கம் கைவந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். பெயர் மாறும், பண்ணையின் பெயரும் மாதாகோயில் வட்டத்தின் பெயரும் அவ்வளவு எளிதில் மாறா.

துதிப்பாடல் கவிஞர் ஆன் கிரிஃபித்ஸ் (1776–1805) நல்ல உதாரணம். அகராதிகளில் அவர் கணவர் பெயரில்தான் இருக்கிறார். ஆனால் திருமணம் நடந்தது 1804-இல். ஒரு வருடம்கூட முடியவில்லை, இறந்துவிட்டார். பிறந்தபோது அவர் ஆன் தாமஸ். அப்பா பெயர் ஜான் எவன் தாமஸ். மூன்று பெயர்களில் தேடிக் குழம்புவதைவிட டோல்வார் வாக் என்ற பண்ணைவீட்டின் பெயரைப் பிடித்தால் மூவரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள்.

வட்டத்தின் பெயரை முழுதாக எழுதிக்கொள்வது முக்கியம். ஆன் பிறந்தது லான்விஹாங்கெல் அங் ங்வின்வா. வரைபடம் வரைந்த லூயிஸ் மாரிஸ் பிறந்தது லான்விஹாங்கெல் ட்ரேர் பெயர்த். லான்விஹாங்கெல் என்றால் மிக்கேல் சம்மனசின் கோயில் ஊர். வேல்ஸில் அப்படி ஊர்கள் ஏராளம். முன்பாதியை மட்டும் குறித்துக்கொண்டால், மான்ட்கோமரி மாவட்டத்துக்காரரை ஆங்கில்சி தீவுப் பதிவேட்டில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மாவட்டத்தையும் பழைய பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 1974-இல் பழைய மாவட்டங்களைக் கலைத்து எட்டாக்கினார்கள். 1996-இல் அதையும் கலைத்து 22 நிர்வாகப் பகுதிகளாக்கினார்கள். பழைய ஆவணங்கள் எல்லாம் 1974-க்கு முந்தைய பெயர்களில் அடுக்கப்பட்டவை.

கேள்வி: வேல்ஸுக்கென்று தனியாகத் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதி இருக்கிறதா? கட்டணம் உண்டா?

பதில்: இருக்கிறது; இலவசம். வேல்ஸ் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் வெல்ஷ், ஆங்கிலம் இரண்டிலும் படிக்கலாம். முதலில் வெல்ஷ் மொழியில் 1953-இலும், ஆங்கிலத்தில் 1959-இலும் அச்சானது. 1940 வரை மறைந்தவர்கள் அதில் உண்டு. பிறகு துணைத் தொகுதிகள் வந்தன. இப்போது இணையத்திலேயே புதிய கட்டுரைகள் சேர்கின்றன. வெளியிட்டது கம்ரோடோரியன் சங்கம். 1751-இல் லண்டனில் ரிச்சர்ட் மாரிஸ் தொடங்கி, இரண்டு முறை நின்றுபோய், 1873-இல் மீண்டும் உயிர்பெற்ற சங்கம் அது.

தேடும்போது மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். குடும்பப்பெயர் வருவதற்கு முந்தைய ஆட்களை முதல் பெயரில் தேடுங்கள்: வேல்ஸ் இளவரசர் லவெலின் ஆப் யோர்வெர்த் 'ல' வரிசையில்தான் இருப்பார். நிலவுடைமைக் குடும்பங்களுக்குத் தனித்தனி ஆளாக அல்லாமல் 'இன்ன வீட்டு இன்ன குடும்பம்' என்று ஒரே கட்டுரை இருக்கும். நீங்கள் தேடும் ஆள் தனிக் கட்டுரையாகக் கிடைக்கவில்லை என்றால், அந்த நீண்ட பத்திக்குள் ஒரு வரியில் இருக்க வாய்ப்பு அதிகம். கடைசியாக, கட்டுரை எழுதியவர் பெயரையும் வெளியான வருடத்தையும் பாருங்கள். 1950-களில் எழுதியவை பல அப்படியே இருக்கின்றன. அன்றைய தொகுப்பாளர்கள் போதகர்களுக்கும் கவிஞர்களுக்கும் தாராளமாக இடம் கொடுத்தார்கள், பெண்களுக்குக் கொடுக்கவில்லை. என் கணிப்பில் அந்தத் தொகுதியின் மிகப் பெரிய குறை அதுதான்.

கேள்வி: பெரெய்ன் வீட்டைச் சேர்ந்த கத்ரின் என்ற பெண்மணியை 'வேல்ஸின் தாய்' என்கிறார்களே, ஏன்?

பதில்: நான்கு திருமணங்கள், அவற்றால் கிளைத்த சந்ததி. கத்ரின் 1591-இல் மறைந்தார். முதல் கணவர் லெவேனி வீட்டு ஜான் சாலிஸ்பரி; இரண்டாமவர் ஆன்ட்வெர்ப்பில் வணிகம் செய்த சர் ரிச்சர்ட் கிளஃப்; மூன்றாமவர் முதல் பதிலில் வந்த அதே குவிதிர் மாரிஸ் வின்; நான்காமவர் எட்வர்ட் தெல்வால். கத்ரின் வழியாக வட வேல்ஸின் பெரிய வீடுகள் ஒன்றுக்கொன்று உறவாகிவிட்டன. மூத்த மகன் தாமஸ் சாலிஸ்பரி, முதலாம் எலிசபெத்துக்கு எதிரான பாபிங்டன் சதியில் சிக்கி 1586-இல் தூக்கிலிடப்பட்டார்.

1568-இல் வரைந்த கத்ரினின் உருவப்படம் கார்டிஃப் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கருப்பு உடை, கையில் சிறு புத்தகம், இன்னொரு கை மண்டையோட்டின்மேல். அதை வைத்து மந்திரக்காரி என்று கதை கட்டாதீர்கள். நிலையாமையைக் காட்ட அக்கால ஓவியர்கள் வழக்கமாக வைத்த பொருள் அது. முதல் கணவரின் இறுதிச் சடங்கன்றே அடுத்த இருவருக்கும் வாக்குக் கொடுத்தார் என்ற கதையும் பரவலாக உண்டு. அது வாய்வழிக் கதை, வரலாற்றில் சேர்க்க வேண்டாம்.

குடும்ப மரம் வரைவோருக்கு ஒன்று: அக்கால வேல்ஸ் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் அப்பா பெயரிலேயே தொடர்ந்தார்கள். பழைய உயிலில் கணவர் பெயரோடு பொருந்தாத ஒரு பெண் வந்தால், வேறு யாரோ என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெரும்பாலும் மனைவிதான்.

கேள்வி: ஏழாம் ஹென்றி பிறந்தது ஓரிடத்தில் 1456 என்றும் இன்னோரிடத்தில் 1457 என்றும் இருக்கிறது. எது சரி?

பதில்: இன்றைய கணக்கில் 28 ஜனவரி 1457. அன்றைய இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதுவருடம் மார்ச் 25-இல் தொடங்கியது. எனவே ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரையிலான நாட்கள் முந்தைய வருடக் கணக்கில் விழும். 1752-இல்தான் ஜனவரி 1-க்கு மாறினார்கள்.

இதை அசட்டையாக விட்டால் உறவுமுறையே தலைகீழாகும். ஹென்றியின் அப்பா எட்மண்ட் டியூடர் இறந்தது 1456 நவம்பரில். மூன்று மாதம் கழித்துப் பெம்புரோக் கோட்டையில் ஹென்றி பிறந்தார். 'ஜனவரி 1456' என்பதை அப்படியே நகலெடுத்தால், அப்பா உயிரோடு இருக்கும்போதே பிறந்த பிள்ளையாகிவிடுவார். ஆகவே வருடத்தின் முதல் மூன்று மாதத் தேதிகளை '1456/57' என்று இரட்டையாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய வம்சாவளிப் பட்டியல்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: பொதுவாக நினைப்பதைவிட அதிகமாகவே நம்பலாம். பழைய வேல்ஸ் சட்டத்தில் நிலவுரிமையும் கொலைக்கான ஈட்டுத்தொகையும் உறவுமுறையைப் பொறுத்தவை. அதனால் வம்சத்தை மனப்பாடமாக வைத்திருப்பது கவிஞர்களின் தொழிலானது. 1586 முதல் லூயிஸ் டன் என்ற கவிஞர் வீடு வீடாகப் போய்ப் பட்டியல்களைப் பதிவுசெய்தார். அவர் காலத்துக்கு முந்தைய நான்கைந்து தலைமுறைகள் உறுதியானவை. ரோமப் பேரரசர், டிராய் வீரர் என்று மேலே போகும் பகுதியைத் தொடாதீர்கள்.

கிளமோர்கன் மாவட்டத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். காரணம் யோலோ மோர்கனுக் என்கிற எட்வர்ட் வில்லியம்ஸ் (1747–1826). கல்தச்சர், ஆழ்ந்த அறிஞர், அதே அளவு தேர்ந்த போலி ஆவணக்காரர். 1789-இல் வெளியான 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் தவித் ஆப் குவிலிமின் கவிதைத் தொகுப்பில் தான் எழுதியவற்றைச் சேர்த்துவிட்டார், ஜி. ஜே. வில்லியம்ஸ் என்ற அறிஞர் 1926-இல் நிறுவும் வரை அது பிடிபடவில்லை. 19-ஆம் நூற்றாண்டுப் புத்தகங்கள் பல அவரை நம்பி எழுதப்பட்டவை. ஒரு தகவலுக்கு யோலோவின் கைப்படாத, அவருக்கு முந்தைய சுவடி ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எடுக்காதீர்கள்.

கேள்வி: பிரமுகர்கள் அல்லாத சாதாரணக் குடும்பங்களைப் பற்றி எங்கே பார்ப்பது?

பதில்: 1858-க்கு முன்பு உயில்கள் திருச்சபை நீதிமன்றங்களில் மெய்ப்பிக்கப்பட்டன. வேல்ஸ் மறைமாவட்டங்களின் உயில்கள் ஆபெரிஸ்ட்வித் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. படங்களாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உயிலோடு வரும் சொத்துப் பட்டியலைத் தவறவிடாதீர்கள். மாடு, ஆடு, கலப்பை என்று வீட்டில் இருந்தவை ஒவ்வொன்றாக விலையோடு இருக்கும். அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1 ஜூலை 1837-இல் தொடங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டுக்கு அதே நூலகத்தின் செய்தித்தாள் தொகுப்பு உண்டு. 1919 வரையிலான இதழ்கள், அதுவும் இலவசம். அதில் தேடும்போது 'ஜான் ஜோன்ஸ்' என்று மட்டும் போட்டால் பயனில்லை. பண்ணையின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். கேர்னார்வன், கான்வி போன்ற ஊர்களைப் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.