விமானக் கேபின் அழுத்தம்: கேள்வி-பதில்

கே: நடுவானில் யாராவது கதவைத் திறந்துவிட்டால்?

ப: 36,000 அடியில் முடியவே முடியாது. உள்ளுக்கும் வெளிக்கும் காற்றழுத்தத்தில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 8 பவுண்டு வித்தியாசம். கதவை மொத்தம் பத்து டன் போல அழுத்திப் பிடித்திருக்கும். தரையை நெருங்கும்போது அந்தப் பிடி இருக்காது. 2023 மே மாதம் தென் கொரியாவின் தேகுவில், சுமார் 700 அடியில் ஒரு பயணி திறந்தேவிட்டார்.

கே: ஜன்னலில் ஊசி ஓட்டை இருக்கிறதே?

ப: நடுக் கண்ணாடியில் வேண்டுமென்றே போட்டது. அழுத்தத்தைத் தாங்குவது வெளிக் கண்ணாடி. அடைக்காதீர்கள்.

கே: அழுத்தம் போனால் எத்தனை நொடி நிதானத்தோடு தாங்குவோம்?

ப: எந்த உயரத்தில் என்று எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? 25,000 அடியில் 3 முதல் 5 நிமிடம், 35,000-இல் அரை முதல் ஒரு நிமிடம், 40,000-இல் 15–20 நொடி. சட்டென்று போனால் இதில் பாதிதான். அதனால்தான் ஆக்சிஜன் முகமூடியை முதலில் நீங்கள் மாட்டுங்கள், பிறகு குழந்தைக்கு.

கே: மூச்சு முட்டினால் விமானிக்குத் தெரியாதா? 2005-இல் விழுந்த சைப்ரஸ் நாட்டு ஹீலியோஸ் நிறுவன விமானத்தில் எப்படிக் கோட்டை விட்டார்கள்?

ப: மூச்சு முட்டாது! இந்த நம்பிக்கைதான் ஆளைக் கொல்கிறது. மூச்சு முட்டவைப்பது உடலில் தேங்கும் கரியமில வாயு. இங்கே அது தாராளமாக வெளியேறிக்கொண்டே இருக்கும். குறைவது ஆக்சிஜன் மட்டும். முதலில் மங்குவது நிதானம்; பலருக்கு இதமாகக்கூட இருக்கும்.

2005 ஆகஸ்ட் 14 அன்று, தரைச் சோதனைக்காக 'மேனுவல்' நிலைக்கு மாற்றிய அழுத்தத் திருகியை யாரும் 'ஆட்டோ'வுக்குத் திருப்பவில்லை. புறப்படும் முன்னும் பின்னும் ஓதிய சரிபார்ப்புப் பட்டியல்களிலும் அது கண்ணில் படவில்லை. 12,000 அடி வாக்கில் கேபின் அழுத்தம் குறைகிறது என்று எச்சரிக்கும் ஹாரன் அலறியது. தரையில் தவறான அமைப்போடு புறப்பட முயன்றாலும் அந்த போயிங் 737-இல் அதே ஓசைதான். விமானிகள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆக்சிஜன் குறைந்து மயங்கினார்கள்; விமானம் விழுந்து 121 பேரும் இறந்தார்கள். உயிர்போகும் எச்சரிக்கைக்கும் வேறொன்றுக்கும் ஒரே ஓசையை வைத்தது மன்னிக்க முடியாத வடிவமைப்பு. தனி விளக்குகள் கட்டாயமானது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. ஏறும்போது ஹாரன் கேட்டால் விமானிக்கு முதலில் முகமூடி. காரணத்தைப் பிறகு தேடலாம்.

கே: முகமூடியின் பை உப்பவில்லை. பழுதா?

ப: இல்லை. உப்பாமலும் ஆக்சிஜன் வரும். ஆனால் குழாயை வெடுக்கென்று இழுத்தால்தான் பெரும்பாலான விமானங்களில் அது சுரக்கத் தொடங்கும். மூக்கையும் சேர்த்து மூடுங்கள். வாயை மட்டும் மூடிக்கொண்டு செல்ஃபி எடுக்காதீர்கள். சுமார் 12 நிமிடம் வரும். விமானி 10,000 அடிக்கு இறக்க அது போதும்.

கே: சளியோடு பறக்கலாமா?

ப: தள்ளிப்போடுங்கள். முடியாதென்றால் இறங்கத் தொடங்கும்போதே விழித்திருந்து, மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுங்கள். பலமாக ஊதினால் செவிப்பறை கிழியக்கூடும். கைக்குழந்தைக்கு அப்போது பால் கொடுங்கள்.