விளையாட்டிலும் விலைவாசியா?

கேள்வி: ஆன்லைன் கேமில் போன வருஷம் ஆயிரம் தங்கத்துக்குக் கிடைத்த வாள் இப்போது ஐயாயிரம்! ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் வாங்கி விற்பதுதான் காரணம் என்கிறான் தம்பி. வியாபாரத்தைத் தடை செய்தால் சரியாகுமா?

பதில்: தம்பி தப்பான ஆளைப் பிடித்திருக்கிறார். நீங்கள் என்னிடம் வாள் வாங்கினால் உங்கள் தங்கம் என் பைக்கு வரும், அவ்வளவுதான். மொத்தத் தங்கம் அதிகமாகாது. கூடுவது அரக்கனை வெட்டும்போது. அவன் விழுந்ததும் கேம் புதிதாகத் தங்கம் அச்சடித்துத் தருகிறது. ஆளில்லாமல் தானே ஆடும் நிரல்களான பாட்கள் ராப்பகலாக வெட்டிக்கொண்டே இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயுதம் பழுதுபார்க்கும் கூலி, சந்தை வரி என்று தங்கம் ஒழியும் வழிகள் குறைவாக இருந்தால் விலை ஏறத்தான் செய்யும்.

தடையும் போட்டுப் பார்த்துவிட்டார்கள். நிஜப் பணத்துக்குத் தங்கம் விற்பவர்களை ஒழிக்க, ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேம் 2008 தொடக்கத்தில் ஆட்டக்காரர்களின் வியாபாரத்துக்குக் கடிவாளம் போட்டது. நண்பனுக்கு நல்ல கவசம் ஒன்றைச் சும்மா கொடுக்க முடியாவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? வாக்கெடுப்பு நடத்தி, 2011இல் தடையை நீக்கினார்கள். அதன் ஓல்டு ஸ்கூல் பதிப்பில் 2021இல் வேறு வழி பிடித்தார்கள். சந்தையில் விற்பவரிடம் வரி; தொடக்கத்தில் அது 1% ஆக இருந்தது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு கேமே சில பொருட்களை வாங்கி அழித்துவிடும். கெட்டிக்கார வேலை!

உங்கள் கேமில் வரி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வாளை இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.