வெயிலூரான வேலூரில் முற்றம் வைக்கலாமா? வீடு கட்டுவோர் கேள்விகளுக்குப் பதில்

மேற்கு பார்த்த மனை. கூடமும் முன்தோட்டமும் ஒன்றாகத் தெரிய, சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவு வைக்கிறோம். 2 அடி சன்ஷேடு போதுமா? (காட்பாடி)

போதாது. மாலைச் சூரியன் 30 பாகை உயரத்துக்கு இறங்கிவிட்டால், 2 அடி சன்ஷேடு கதவின் மேற்பகுதியில் ஓரடிக்குச் சற்று அதிகமாக மட்டுமே நிழல் தரும். மீதிக் கண்ணாடி வழியே புகும் வெயில் தரையில் தங்கி, விளக்கு வைக்கும் நேரம் கடந்தும் கூடத்தைப் புழுங்க வைக்கும். கதவுக்கு முன்னால் 8 அடி அகலத்தில் ஒரு தாழ்வாரத்தை இறக்கினால் அதே நேரத்தில் நான்கரை அடி உயரத்துக்கு நிழல் விழும். எஞ்சியதற்கு மூங்கில் தட்டி தொங்கவிடலாம். கண்ணாடியைக் குறைத்து, அதில் மிச்சமாகும் பணத்தைத் தாழ்வாரத்துக்குச் செலவிடுங்கள் என்பதே என் கருத்து. வேலூரில் உள்ளையும் வெளியையும் சேர்த்து வைப்பது இடையிலுள்ள நிழல்தான். திண்ணை கட்டியவர்கள் இதை அறிந்திருந்தார்கள்.

10 அடிக்கு 10 அடி திறந்த முற்றம் வைத்தால் ஐப்பசி மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும் என்று மேஸ்திரி பயமுறுத்துகிறார். (குடியாத்தம்)

அவர் பயத்தில் பாதி நியாயம் உண்டு. 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் முற்றத்தில் நேராக விழுவது ஏறத்தாழ 465 லிட்டர்தான். ஆனால் நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து, முற்றத்தையும் சேர்த்து 400 சதுர அடியின் நீர் அங்கே வந்து சேருமானால் அது 1,850 லிட்டரைத் தாண்டும். ஆகவே முற்றத்தின் தரை சுற்றியுள்ள தாழ்வாரத்தைவிட அரை அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். 10 அடி நீளத்துக்கு ஓர் அங்குலத்துக்குக் குறையாத வாட்டம் (சரிவு) வேண்டும். 4 அங்குலக் குழாய்கள் இரண்டு, தனித்தனி வழியில் வெளியேற வேண்டும். ஒன்றை வேப்பிலை அடைத்துக்கொண்டாலும் மற்றொன்று காப்பாற்றும். அந்த நீரைச் சாக்கடைக்கு விடாமல், வடிகட்டித் தொட்டியிலோ கிணற்றிலோ சேருங்கள். பாலாற்றில் ஆண்டில் பெரும்பாலான நாட்கள் மணலையே பார்க்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முற்றத்துக்குப் பளபளப்பான கறுப்புக் கிரானைட் போடலாமா? மேலே பாலிகார்பனேட் ஷீட் மூடிவிட எண்ணம். (ராணிப்பேட்டை)

இரண்டுமே வேண்டாம். என் சொந்த வீட்டிலேயே நான் செய்த தவறு அது. முதல் ஏப்ரலில் நண்பகலில் கால் வைக்க முடியாமல், துணி காயப்போடச் சென்ற என் தாயார் ஈரச் சாக்கை விரித்து அதன்மேல் நடந்தார்கள். மழைக்காலத்திலோ அதே கல் வழுக்கியது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே சாய்ந்திருக்கும், அவ்வளவே. ஆகவே முற்றத்தின் நடுவில் ஒளிய இடமே இல்லை. வெளிர் நிறத்தில், கொத்திய சாம்பல் கருங்கல் பலகையோ மேற்பூச்சில்லாத செம்மண் ஓடோ போதும்.

ஷீட்டைச் சுற்றிலும் இறுக மூடினால் சூடான காற்று மேலே போய் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கிவிடும். மூடியே ஆக வேண்டுமென்றால், சுவர்த் தலைப்புக்கு மேல் ஒன்றரை அடி இடைவெளி விட்டுத் தூக்கி வையுங்கள். கோடையில் மட்டும் அதன் கீழே தென்னங்கீற்றோ பச்சை நிழல்வலையோ கட்டலாம்.

குரங்குத் தொல்லை உள்ள மலையடிவாரம். திறந்த முற்றம் சாத்தியமா? (ஆம்பூர்)

இரும்புக் கம்பி கிரில் போட்டு, அதன் கீழ்ப்புறம் கழற்றிக் கழுவக்கூடிய சட்டத்தில் கொசுவலை மாட்டுங்கள். கம்பி இடைவெளி 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சமையலறைக் கதவு முற்றத்தை நோக்கித் திறக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. வாழைப்பழ வாசனை எட்டினால் குரங்குகள் கிரிலையே ஆட்டிப் பார்க்கும்.

தாழ்வாரத்துக்கு அருகில் என்ன மரம்? (வாலாஜாபேட்டை)

புங்கை. வெயில் முற்றுவதற்குள் புதுத்தளிர் விட்டு அடர்ந்துவிடும். மேற்குப் பக்கம், சுவரிலிருந்து 12 அடி தள்ளி நடுங்கள். கட்டடம் முடியும்வரை காத்திருக்காமல், அஸ்திவாரம் தோண்டும் வாரத்திலேயே நட்டு, செங்கல் நனைக்கும் தண்ணீரில் ஒரு குடம் அதற்கும் ஊற்றச் சொல்லுங்கள்.