பழைய கார் எவ்வளவு ரூபாய்க்குள் வாங்கலாம்? கையில் 4 லட்சம் என்றால் 3.2 லட்சம்

கேள்வி இது: "நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என ஐந்து பேர். கையில் 4 லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். இன்னும் 3 லட்சம் கடன் கிடைக்கும். 7 லட்சத்துக்குப் பழைய கார் பார்க்கலாமா, 4 லட்சத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா?"

4 லட்சம் வரைக்கும்கூடப் போகாதீர்கள். பேரம் முடிந்து 3 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் வராத வண்டியை வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். மீதி 80 ஆயிரம் எங்கே போகும் என்பதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். அதைச் சொல்கிறேன்.

2014-ல் என் முதல் காரை வாங்கினேன். 2007 மாடல், சின்ன வண்டி. என்னிடம் இருந்தது 2 லட்சத்து 10 ஆயிரம். வண்டி விலையும் 2 லட்சத்து 10 ஆயிரம். கச்சிதமாகப் பொருந்துகிறது என்று சந்தோஷப்பட்டேன். விற்றவர் "டாக்டர் ஓட்டிய வண்டி சார்" என்றார். (தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் பாதியை டாக்டர்கள்தான் ஓட்டியிருப்பார்கள் போல. மீதியை ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்கள்.) மதுரையிலிருந்து திருச்செந்தூருக்கு முதல் பயணம். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது ஒரு மேம்பாலத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. கிளட்ச் தேய்ந்திருந்தது.

அந்த முதல் வருடம் போன பணத்தை மனைவி காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். கிளட்ச் செட் 9,500. நான்கு டயர் 12,800. பேட்டரி 3,800. சஸ்பென்ஷன் புஷ், லிங்க் ராடு வேலை 7,000. ஏசி 6,500. இன்ஷூரன்ஸ் 8,000. பெயர் மாற்ற ஏஜென்ட்டுக்கும் சேர்த்து 4,500. கூட்டினால் 52,100. வண்டி விலையில் கிட்டத்தட்ட கால்வாசி. இதில் ஒன்றுகூட விபத்தோ துரதிர்ஷ்டமோ இல்லை. எல்லாமே ஏழு வயது வண்டிக்கு வந்தே தீரும் செலவுகள். கையில் ஐந்து பைசா இல்லாமல் வாங்கியதால் மனைவியின் வளையல் இரண்டு அடகுக்குப் போயின. அவற்றை மீட்க ஒன்றரை வருடம் ஆனது.

ஆகவே மொத்தக் காசிலிருந்து பின்னோக்கிக் கழித்து வாருங்கள். உங்கள் 4 லட்சத்தில், இன்றைய விலைக்குத் தோராயமாக: இன்ஷூரன்ஸ் 12,000, பெயர் மாற்றம் 5,000, டயர் 18,000, ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், பெல்ட் எல்லாம் மாற்றி ஒரு முழு சர்வீஸ் 8,000, பேட்டரி 5,000, வாங்குமுன் பார்க்க வரும் மெக்கானிக்குக்கு 1,500. புரோக்கர் வழியாகப் போனால் எங்கள் ஊரில் 2 சதவீதம், அது 6,400. ஏறக்குறைய 56,000 ஆகிவிட்டது. இன்னும் 24,000 தனியாக இருக்கட்டும், கிளட்ச் மாதிரி ஏதாவது வரும். 3.2 லட்சம் இப்படித்தான் வந்தது. டயர் புதிதாக இருக்கும் வண்டி கிடைத்தால் அந்த 18,000-த்தை விலையில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் "டயர் புதுசு" என்ற வார்த்தையை நம்ப வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. பாலிஷ் போட்டுக் கருகருவென்று மின்னும் ஏழு வருட டயர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்ஷூரன்ஸில் பலரும் ஏமாறுவது ஒன்று உண்டு. "இன்னும் எட்டு மாசம் இன்ஷூரன்ஸ் இருக்கு, உங்களுக்கு மிச்சம்" என்பார் விற்பவர். பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்குச் சட்டம் 14 நாள் தருகிறது. கிளெய்ம் வாங்காததற்காக அவருக்குக் கிடைத்த தள்ளுபடி (அது 50 சதவீதம் வரை போகும்) அவர் பின்னாலேயே போய்விடும், வண்டியோடு வராது. பெயர் மாற்றும்போது அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

சரி, கடனுக்கு வருவோம். பழைய காருக்கான வட்டி பொதுவாகப் புதுக் காரைவிடக் கூடுதல். 13 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 3 லட்சத்துக்கு நான்கு வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 8,050 ரூபாய். வட்டி மட்டும் 86,000. வட்டியைக்கூட விடுங்கள், மாதச் செலவைப் பாருங்கள். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், ஊருக்குள் லிட்டருக்கு 15 கிடைக்கிறது என்றால் பெட்ரோலுக்கு 3,400 ரூபாய் போகும். இன்ஷூரன்ஸ், வருட சர்வீஸ், அடுத்த டயருக்குச் சேர்ப்பது, சில்லறை ரிப்பேர் எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு 36,000, அதாவது மாதம் 3,000. கடனே இல்லாமல் 6,400. தவணையும் சேர்ந்தால் 14,450. பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் கட்டும் ஜூன் மாதத்திலும் இந்தத் தொகை உங்களால் முடியுமா என்று பாருங்கள். மற்ற மாதங்களை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

அதே கணக்கு இன்னொரு விஷயத்தையும் சொல்லும். நீங்கள் மாதம் 150 கிலோமீட்டர்தான் ஓட்டப்போகிறீர்கள், கோயில், கல்யாணம், அம்மாவின் ஆஸ்பத்திரி மட்டும்தான் என்றால், ஸ்டாண்டில் தெரிந்த டிரைவர் ஒருவரை வைத்துக்கொள்வது மலிவு. இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. வாசலில் சொந்த வண்டி நிற்பதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அந்த மதிப்புக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாம்.

7 லட்சம் பற்றி இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் 28 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் இருந்தன. புது வண்டி விலை இறங்கினால் பழையதும் இறங்க வேண்டும் அல்லவா? ஆனால் விற்பவர்கள் இன்னும் "நான் எட்டு லட்சம் போட்டு எடுத்தேன்" என்றுதான் பேரத்தைத் தொடங்குகிறார்கள். அவர் என்ன போட்டார் என்பது நமக்குத் தேவையில்லை. அதே வண்டி இன்று ஷோரூமில் என்ன விலை என்று விசாரித்துவிட்டுப் போங்கள். 7 லட்சம் செலவு செய்ய மனது இருந்தால் புது வேகன் ஆரின் கீழ் வேரியன்ட்டே வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆன்ரோடு அதற்குள் வந்துவிடும். வாரண்டியோடு, குறைந்த வட்டியோடு. பழைய வண்டிக்கு 7 லட்சம் கொடுப்பதென்றால் பெரிய வண்டிதான் வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் இருக்க வேண்டும்.

ஐந்து பேர் என்றதும் ஏழு பேர் உட்காரும் எர்டிகா மேல் ஆசை வந்திருக்கும், எனக்கும் வந்தது. அது நல்ல வண்டி என்பதாலேயே விலை இறங்குவதில்லை. 3 லட்சத்துச் சொச்சத்தில் கிடைப்பது நன்றாக உழைத்து முடித்ததாக இருக்கும். பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் சாதாரண ஹேட்ச்பேக் போதும். டீசலும் வேண்டாம், மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் ஒழிய.

வயதுக்கும் ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம். அதற்குப் பிறகு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்தைந்து வருடமாக நீட்டிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணமே 5,000 ரூபாய் ஆனது, பசுமை வரி தனி. நீங்கள் ஆறு வருடம் வைத்திருப்பதாக இருந்தால், எட்டு வயதுக்கு மேற்பட்ட வண்டியை வாங்கினால் விற்கும்போது முடிகிற தேதி நெருங்கியிருக்கும், கேட்கிறவர் பாதி விலைதான் சொல்வார். டெல்லிப் பதிவு வண்டிகள் மலிவாக வந்ததும் இதனால்தான். அங்கே 10 வருடத்துக்கு மேற்பட்ட டீசல், 15 வருடத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை போட்டதால், காலம் நெருங்கிய வண்டிகள் வெளியூருக்குத் தள்ளப்பட்டன. என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, நம் மாநிலத்தில் மறுபடியும் சாலை வரி கட்டி, எண் மாற்றி முடிப்பதற்குள் அந்த மலிவு எங்கே போனது என்று தெரியாது.

மெக்கானிக்குக்குக் கொடுக்கும் 1,500 அதிகமோ என்று நினைப்பவர்களுக்கு என் இரண்டாவது கார் கதை. 2017-ல் வண்டி பார்க்கப் போனபோது எங்கள் பட்டறை அண்ணனைக் கூட்டிப் போயிருந்தேன். வெள்ளை செடான், உள்ளே புது சீட் கவர், நல்ல வாசனை. விலையும் மற்றதைவிட 40,000 குறைவு. நான் மனதுக்குள் சாவியை வாங்கிவிட்டேன். அண்ணன் பானெட்டைத் திறக்கவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தார். பாதியில் நிறுத்தாமல், சுருளில் இருந்து வேறு வராது என்கிற அளவுக்கு முழுதாக இழுத்தார். கடைசி ஒரு முழம் மட்டும் காவி நிறம். விரலால் தேய்த்ததும் மண் பொடி உதிர்ந்தது. பிறகு முன்சீட்டுக்கு அடியில் கையை விட்டு, சீட் நகரும் தண்டவாளத்தைத் தடவி எடுத்துக் காட்டினார், விரலில் துரு. "தண்ணி பாத்த வண்டி தம்பி, வா டீ குடிப்போம்" என்று இறங்கிவிட்டார். முந்தைய ஓனரின் முகவரி சென்னை. 2015 டிசம்பரில் சென்னையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ கார்கள் முங்கின. அவையும் இன்று எங்கோ வாசனை அடித்துக்கொண்டு விற்பனைக்கு நிற்கும். நனைந்த வயரிங் உடனே கெடாது. ஒரு வருடம் கழித்து ஒவ்வொன்றாகக் கெடும்.

அடுத்தடுத்த வண்டிகளில் அவர் பார்த்த மற்றவை: கதவின் ரப்பர் பீடிங்கைப் பிரித்து, உள்ளே கம்பெனி வெல்டிங் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றனவா, அடிபட்டுத் தட்டி ஒட்டிய வண்டியா என்று. பானெட் போல்ட்டில் ஸ்பேனர் பட்டு பெயின்ட் உதிர்ந்திருக்கிறதா என்று. சர்வீஸ் ரெக்கார்டில் இருக்கும் கிலோமீட்டரும் மீட்டரில் ஓடுவதும் ஒத்துப் போகிறதா என்று. கடன் இருந்த வண்டி என்றால் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) வங்கிப் பெயர் நீக்கப்பட்டிருக்க வேண்டும். "பேங்க் என்.ஓ.சி. அடுத்த வாரம் வந்துடும்" என்றால் முழுப் பணத்தையும் அடுத்த வாரமே கொடுங்கள்.

அப்புறம், அம்மாவையும் கூட்டிப் போங்கள். என் அம்மாவுக்கு முழங்கால் வலி. அந்த வெள்ளை செடானைத் தட்டிவிட்டு அடுத்ததாகப் பார்த்த வண்டியில் எல்லாம் சரியாக இருந்தது, அம்மாவால் மட்டும் பின்சீட்டிலிருந்து கதவைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. சீட் அவ்வளவு தாழ்வு. நான்காவதாகப் பார்த்த 2012 வேகன் ஆரில், நாற்காலியிலிருந்து எழுவது போல எழுந்து நின்றார். அதையே 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கு முடித்தேன். முதல் வருட மேல்செலவு 38,000. அதற்காக எடுத்து வைத்திருந்ததோ 60,000. 2023-ல் விற்றபோது 1 லட்சத்து 70 ஆயிரம் வந்தது. ஆறு வருடத்தில் தேய்ந்தது 90,000, வருடத்துக்கு 15,000.

விற்றவர் முதலில் 2 லட்சத்து 75 ஆயிரத்தில் நின்றார். நான் போனது ஆடி மாதம் கடைசி வாரம். பத்து நாளாக ஒருவரும் வண்டியை எட்டிப் பார்க்கவில்லை என்று அவரே பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். 5,000 டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தேன், 15,000 குறைத்தார். ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்து மீதிப் பணம் கொடுத்து வண்டி எடுத்தோம். ஆடியில் வாங்கவில்லை என்று அம்மாவுக்குத் திருப்தி. ஆடியில் பேசினேன் என்று எனக்கு.